டயகமவில் ஐந்து நிமிடம்: பிள்ளைக் காம்பரா ஜன்னலில் தொங்கிய ஃபோன்கள்

ஒரு வேலையை விட்டு இன்னொன்றில் சேர்வதற்கு இடையில் எனக்கு நாலு நாள் கிடைத்தது. வீட்டில் இருந்தால் அலுமாரி ஒதுக்கச் சொல்வார்கள் என்று தெரியும். அதனால் பெப்ரவரியின் ஒரு செவ்வாய்க்கிழமை காலை கொழும்பிலிருந்து டயகமவுக்குக் கிளம்பிவிட்டேன். நுவரெலியாவில் ஏரியைச் சுற்றிக் குதிரை ஏறி ஸ்ட்ரோபெரி தின்னும் பயணம் எனக்கு அலுத்துவிட்டது. தேயிலைக்கு நடுவில் ஒரு வீட்டில் தங்கி, காலையில் எழுந்து நடக்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை. கோபத்தோடு திரும்பி வருவேன் என்று நினைக்கவில்லை. இந்தப் பதிவில் பாதி வழித்தகவல், மீதி கோபம். வழித்தகவல் மட்டும் போதும் என்பவர்கள் நடுவில் தாண்டிப் போகலாம், ஆனால் தாண்டாதீர்கள்.

முதலில் வழி. கோட்டையிலிருந்து காலை ஆறு மணி பஸ், அவிசாவளை, கினிகத்தேனை வழியாக ஹட்டன். ஏ.சி. இல்லை, 520 ரூபாய், ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. கினிகத்தேனைக்கு மேல் வளைவுகள் தொடங்கும். வயிறு ஒத்துக்கொள்ளாதவர்கள் முன் சீட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஹட்டனில் சாப்பிட்டுவிட்டு டயகம பஸ். தலவாக்கலை, லிந்துலை, அக்கரப்பத்தனை என்று நின்று நின்று போகும். தூரம் நாற்பத்தைந்து கிலோமீட்டர் இருக்கலாம், நேரம் இரண்டரை மணி. 210 ரூபாய் டிக்கெட்டுக்கு 220 கொடுத்தேன். கண்டக்டர் மீதி தரவே இல்லை, இறங்கும்போது கேட்டதற்கு "சில்லற இல்ல நங்கி" என்று என்னைச் சிங்களத்தில் தங்கச்சியாக்கிச் சிரித்தார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. முகத்தைக் காட்டிச் சிரித்துக்கொண்டு பத்து ரூபாய் எடுத்தவரை மன்னித்துவிடலாம்.

டயகம கடைவீதியிலிருந்து தோட்டத்துக்கு ராஜனின் த்ரீவீல். ஏழு கிலோமீட்டர், அதில் கடைசி இரண்டு கிலோமீட்டரை ரோடு என்று சொல்ல மனசு வராது. ராஜன், நான் தங்கப்போகும் வீட்டுக்காரி தவமணியின் கணவர். தவமணி தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறாள். லயத்தின், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளின், கோடியில் சொந்தமாகக் கட்டிய ஓர் அறையை என்னைப்போல வருகிறவர்களுக்கு விடுகிறாள். பேஸ்புக்கில் பார்த்து, மூன்று இரவுக்கு 9,000 ரூபாய் என்று பேசி, பாதியை முன்பணமாக ஓர் ஆப் வழியாக அனுப்பியிருந்தேன்.

வண்டியை எடுக்கும்போதே ராஜன், "மிஸ், ஒரு விசயம் சொல்லணும். தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். "நீங்க அனுப்புன காசு எங்களுக்கு வரல. ஆனா ரூமு இருக்கு, சாப்பாடு இருக்கு. அதப் பத்தி நீங்க யோசிக்காதீங்க."

என் ஃபோனில் பணம் போய்விட்டதாகத்தான் இருந்தது. திறந்து பார்த்தேன். போன வாரம் பச்சையாக இருந்த இடத்தில் இப்போது மஞ்சளாக 'பரிசீலனையில்' என்று இருந்தது.

அந்த ஆப்பை நடத்துவது வங்கி இல்லை. வங்கிக்கும் நமக்கும் நடுவில் நிற்கும் ஒரு நிறுவனம். நாம் சம்மதம் கொடுத்தால் நம் வங்கிக் கணக்கிலிருந்து எடுத்து, அடுத்தவரின் வாலட்டில் போடும். யார் வேண்டுமானாலும் இப்படி நடுவில் நின்றுவிட முடியாது. அனுமதி வாங்க வேண்டும், விதிகளுக்குக் கட்டுப்பட வேண்டும், வாடிக்கையாளர் பணத்தைப் பாதுகாக்க வேண்டும். கடைவீதியில் அவர்களுடைய ஏஜென்ட் கடைக் கண்ணாடியில் 'அனுமதி பெற்றது' என்று பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறது. பெயரை நான் எழுதவில்லை. இதேபோல நடுவில் நிற்பவர்கள் வேறு பலரும் இருக்கிறார்கள், அவர்களும் இதைப் படிக்கட்டும்.

அன்றிரவு கோதுமை ரொட்டியும் கட்டச் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டே தவமணியிடம் முழுக் கதையையும் கேட்டேன். இந்தத் தோட்டத்தில் கொழுந்து மலைகளில் சிக்னல் கிடையாது. லயத்திலும் சுமாராகத்தான். நன்றாக எடுக்கிற ஒரே இடம் பிள்ளைக் காம்பராவின் ஜன்னல். வேலைக்குப் போகிற தாய்மார் குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடம் அது. அந்த ஜன்னல் மலை இடைவெளியைப் பார்த்து இருக்கிறது, டவர் அந்தப் பக்கம். அதனால் காலையில் குழந்தையை விடும்போது ஃபோனையும் விட்டுவிட்டுப் போவது அங்கே வழக்கம். பிள்ளை இல்லாதவர்களும் ஃபோனை மட்டும் கொண்டுவந்து விடுகிறார்கள். ஆளுக்கொரு சொப்பின் பேக், கடையில் கொடுக்கும் பிளாஸ்டிக் பை. ஜன்னல் கம்பியில் வரிசையாகத் தொங்கும்.

குழந்தைகளையும் ஃபோன்களையும் பார்த்துக்கொள்வது செல்வராணி அக்கா. கொழும்பில் வேலை செய்யும் மகன் தாய்க்கு அழைத்தால் அவளுக்காகப் பேசுவார், பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்தால் சேதி வாங்கி வைப்பார். அந்த ஆப்பில் ஒரு விதி. வாலட்டுக்குப் பணம் வந்தால் ஐந்து நிமிடத்துக்குள் 'ஏற்கிறேன்' என்று அமத்த வேண்டும், இல்லாவிட்டால் அனுப்பியவருக்கே திரும்பிப் போய்விடும். பெரும்பாலும் பகலில்தான் பணம் வருகிறது. பகலில் இவர்கள் மலையில். இரண்டு மூன்று பேருடைய பணம் திரும்பிப் போன பிறகு, பெண்கள் எல்லோரும் சேர்ந்து அக்காவிடம் சொல்லிவிட்டார்கள், நீங்களே அமத்திவிடுங்கள் என்று.

"ஒரு வருசமா அவங்கதான் அமத்துறாங்க மிஸ்" என்றாள் தவமணி. "ஒரு சதம் கொறைஞ்சதில்ல. போன கெழம திடீர்னு எல்லார் வாலட்டையும் பூட்டிட்டான். எந்த லயத்துப் பொண்ணுக்கும் இப்ப காசு எடுக்க ஏலாது."

பூட்டிய காரணத்தை ஏஜென்ட் கடைக்காரர் சொல்லியிருக்கிறார். பல வாலட்டுகள், ஒரே இடம், ஒரே நேரம், ஒரே ஆள் அமத்துகிற மாதிரி தெரிகிறது, அதனால் மோசடி என்று சந்தேகம். நிறுவனம் அவரை அழைத்து, 'அந்த பிள்ளைக் காம்பரா அம்மா எப்படிப்பட்டவர்' என்று விசாரித்ததாம். அவர் அதைக் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்ல, சாயங்காலத்துக்குள் டயகம முழுக்கத் தெரிந்துவிட்டது. வாடிக்கையாளரின் விவரத்தைக் காப்பாற்றத்தான் அனுமதி கொடுத்திருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இதில் ஒருவர் மட்டும் பணத்தைவிடப் பெரியதை இழக்கப் பார்த்தார். செல்வராணி அக்கா பிள்ளைக் காம்பராவில் தற்காலிகமாகத்தான் இருக்கிறார். இந்த மாதம் நிரந்தரமாக்குவதாக இருந்தது. தோட்டத்தின் நலன்புரி அதிகாரி கதையைக் கேள்விப்பட்டு, மோசடி என்ற பேச்சு தீராமல் பச்சைக் குழந்தைகளை அவர் பொறுப்பில் விட முடியாது, கம்பெனி அவர் மேல் தப்பில்லை என்று சொல்லட்டும் என்று நிறுத்தி வைத்துவிட்டார்.

மறுநாள் புதன்கிழமை நடையை ஒத்திவைத்துவிட்டு நேராகப் பிள்ளைக் காம்பராவுக்குப் போனேன். அக்காவுக்கு ஐம்பது வயதுக்குள் இருக்கும். இடுப்பில் ஒன்று, காலைக் கட்டிக்கொண்டு ஒன்று. ஜன்னலில் பைகள் தொங்கிக்கொண்டிருந்தன.

"இன்னமும் விட்டுட்டுப் போறாங்களா?" என்றேன்.

"போறாங்க. வேற எங்க வைப்பாங்க?" என்றார். "பேச வந்தா பேசுறேன். ஆப்பு சத்தம் வந்தா கிட்டக்கூடப் போறதில்ல."

அந்த ஜன்னலிலேயே நின்று நிறுவனத்தை அழைத்தேன். தமிழுக்கு மூன்றை அமத்தச் சொன்னது. அமத்தினேன். பாட்டு, பாட்டு, பாட்டு. ஒரு குழந்தை தூங்கி எழும் வரை பாட்டு. வைத்துவிட்டு ஆங்கிலத்துக்கு அமத்தினால் இரண்டாவது மணியிலேயே ஒரு பையன் எடுத்துவிட்டான். நல்ல மரியாதை. நான் அனுப்பிய முன்பணம் வீட்டுக்காரிக்குப் போய்ச் சேரவில்லை, தயவுசெய்து விடுவியுங்கள் என்றேன். அவளேதான் 'ஏற்கிறேன்' அமத்தினாளா என்று கேட்டான். நான் சந்தோஷமாக விளக்கினேன். மலை, சிக்னல், ஜன்னல், செல்வராணி அக்கா, ஒரு வருடமாக ஒரு சதம் குறையாதது எல்லாம் சொன்னேன். விஷயம் புரிந்தால் யாருக்கும் மனசு இளகும் என்று நினைத்தேன். "மிகவும் நன்றி மேடம், தேவையான தகவல் கிடைத்துவிட்டது" என்றான்.

மத்தியானத்துக்குள் எனக்கு ஒரு மெசேஜ் வந்தது. 'உங்கள் முறைப்பாடு ஏற்கப்பட்டது. உங்கள் 4,500 ரூபாய் திருப்பி அனுப்பப்பட்டது. உங்கள் பாதுகாப்பே எங்கள் பணி.'

நான் யார் மேலும் முறைப்பாடே செய்யவில்லை. அந்த அறையில் தூங்கியிருக்கிறேன், தவமணி கையால் சாப்பிட்டிருக்கிறேன். அந்தப் பணம் அவளுக்குச் சேர வேண்டியது என்று சொல்லத்தான் அழைத்தேன். அதை எடுத்து எனக்கே கொடுத்துவிட்டு, என்னைப் பாதுகாத்ததாகச் சொல்கிறான்.

அடுத்த நிமிடம் ஜன்னலில் ஒரு பை அதிர்ந்தது. அக்காவின் சொந்த ஃபோன். என்னிடம் நீட்டினார், மெசேஜ் ஆங்கிலத்தில். பிறர் கணக்குகளை அனுமதியின்றி இயக்கியது முறைப்பாட்டாளர் மூலம் உறுதியானது என்று இருந்தது. முறைப்பாட்டாளர் என்றால் நான். வாசித்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது.

ஃபோனைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பிறகு, "நீங்க நல்லதுக்குத்தானே பேசுனீங்க" என்று சொல்லிவிட்டு, அழுத குழந்தைக்குப் பால் கலக்கப் போனார். திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

திரும்ப அழைத்தேன். இந்த முறை மேடமும் இல்லை, மரியாதையும் இல்லை. மேலதிகாரி வரும் வரை ஃபோனை வைக்க மாட்டேன் என்று நின்றேன். வந்தார். கேள்விகளை வரிசையாகக் கேட்டேன். நான் செய்யாத முறைப்பாட்டை எப்படிப் பதிந்தீர்கள்? அந்தப் பெண்களில் ஒருத்தியிடமாவது உன் பணம் போனதா என்று கேட்டீர்களா? தோட்டத்துக்குள் மேசை போட்டு, குடை விரித்து, பத்து நிமிடத்தில் வாலட் திறந்து கொடுத்தபோது, பகலில் உங்கள் ஃபோன் எங்கே இருக்கும் என்று யாராவது கேட்டீர்களா?

பதிந்த முறைப்பாட்டை அழிக்க முடியாதாம். ஆனால் ஒரு வழி இருக்கிறதாம். வாலட் வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு மெசேஜ் வரும். அவரவரே ஐந்து நிமிடத்துக்குள் ஒன்றை அமத்தி, இது என் சம்மதத்தோடுதான் நடந்தது என்று உறுதிப்படுத்த வேண்டும். அமத்தியவரின் பூட்டு திறக்கும், எல்லோரும் செய்துவிட்டால் செல்வராணி மேல் உள்ள குறிப்பும் நீங்கும்.

"எப்போது வரும்?"

"நாளை, அலுவலக நேரத்தில்."

"அலுவலக நேரத்தில் அவர்கள் மலையில் இருப்பார்கள். இவ்வளவு நேரம் அதைத்தான் சொன்னேன். மாலை ஐந்துக்கு மேல் அனுப்புங்கள்."

"குறித்துக்கொண்டேன்" என்றார். நான் மூன்று முறை சொன்னேன், அவரும் மூன்று முறை குறித்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் லயம் முழுக்கச் சேதி போனது. நாளைக்கு ஐந்து மணிக்கு எல்லோரும் ஜன்னல் பக்கம் வந்துவிட வேண்டும். தவமணி வீடு வீடாகப் போய்ச் சொன்னாள்.

வியாழக்கிழமை காலை பத்தே முக்காலுக்கு நான் பிள்ளைக் காம்பரா படியில் உட்கார்ந்து சாயத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். பத்து மணிக்குப் பால் கொடுக்க வந்த தாய்மார் திரும்பி மலைக்குப் போயிருந்தார்கள். ஜன்னலில் ஒரு பை அதிர்ந்தது. பிறகு அடுத்தது. பிறகு எல்லாம் சேர்ந்து. கம்பி முழுக்க நடுங்கியது, ஒரு குழந்தை கை தட்டியது.

எழுந்து ஓடினேன். அந்த மெசேஜ்தான். ஐந்து நிமிடத்துக்குள் ஒன்றை அமத்தவும். பெண்கள் இருக்கும் மலை அங்கிருந்து இருபது நிமிட ஏற்றம். கை தன்பாட்டுக்கு ஒரு பைக்குள் போனது.

"தொடாதீங்க மிஸ்" என்றார் அக்கா. குரல் உயரவில்லை. "நான் தொட்டதுக்குத்தான் இவ்வளவும். இனி நீங்களும் தொட்டா ரெண்டு பேரா ஆயிருவோம்."

இரண்டு பேரும் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். அவருடைய பையும் அதிர்ந்துகொண்டிருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் இங்கேயே இருக்கிறார், அவர் ஃபோன், அவர் கை, யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. "அக்கா, உங்களோடத அமத்துங்க. உங்க வாலட்டாவது தெறக்கும்" என்றேன். நிறுவனம் சந்தேகப்பட்ட ஒரே ஆள்தான் அவர்கள் கேட்ட ஐந்து நிமிடத்துக்குள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தார்.

அவர் ஃபோனை எடுத்தார். பார்த்தார். குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றினார்.

"அத்தனப் பொண்ணுங்க காசும் பூட்டிக் கெடக்குது. எனக்கு மட்டும் தெறந்துச்சுன்னா, இதுவரைக்கும் என்னைய நம்புனவங்க என்ன நெனைப்பாங்க?" என்றார். "கம்பெனிக்காரன் என்னைய என்ன வேணாலும் சொல்லட்டும் மிஸ். இவங்க ஒரு தடவ நெனச்சிட்டா போதும், பெறகு எந்தப் புள்ளயையும் என்கிட்ட விட மாட்டாங்க."

ஃபோனைத் திரும்பப் பையில் போட்டு, பழைய இடத்திலேயே மாட்டினார். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொன்றாக அடங்கியது.

மேலதிகாரியை அழைத்தேன். தானியங்கி அனுப்பியதாம், அவர் கையில் இல்லையாம், மறுபடி செவ்வாய்க்கிழமை வருமாம். எத்தனை மணிக்கு? அதைச் சொல்ல முடியாதாம். பணத்தைக் காப்பதற்கென்று அனுமதி வாங்கியவர்களுக்கு மெசேஜ் அனுப்பும் நேரத்தைக்கூட மாற்றத் தெரியவில்லை. அழைப்பை முடித்துவிட்டு அந்த மலையில் நின்று கத்த வேண்டும்போல இருந்தது, குழந்தைகள் தூங்கியதால் கத்தவில்லை.

அன்று பின்னேரம் ராஜன் வற்புறுத்தி என்னை மேல் மலைக்கு நடக்கக் கூட்டிப்போனார். உச்சிக்கு ஒன்றரை மணி நேரம், மூடுபனி விலகினால் பள்ளத்தாக்கு முழுவதும் தெரியும். படங்கள் கீழே இருக்கின்றன. உண்மையைச் சொன்னால், நான் சரியாகப் பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமை தவமணி கையில் 9,000 ரூபாயைத் தாளாகக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

செவ்வாய்க்கிழமை நடந்ததைத் தவமணி வாய்ஸ் மெசேஜில் சொன்னாள். அன்று காலை பெரட்டில், அதாவது வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்தில், வாலட் உள்ள பெண்கள் ஒருத்திகூடக் கூடை எடுக்கவில்லை. மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு என்ன விஷயம் என்று கேட்டாராம். "எங்க ஃபோன எங்க கையில வச்சிருக்கச் சொல்றாங்க ஐயா, இன்னைக்கு வச்சிருக்கப் போறோம்" என்று சொல்லிவிட்டு நேராகப் பிள்ளைக் காம்பராவுக்குப் போய்ப் படியிலும் முற்றத்திலும் உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு நாள் சம்பளத்தை அங்கே 'பேரு' என்பார்கள். அத்தனை பேருக்கும் அன்றைக்குப் பேரு இல்லை. காலையில் வரவில்லை. மத்தியானம் வரவில்லை. அங்கேயே சோறாக்கிச் சாப்பிட்டிருக்கிறார்கள். பின்னேரம் மூன்றே முக்காலுக்கு வந்தது. எல்லோரும் அமத்தினார்கள்.

"அக்காவும் அமத்துனாங்க மிஸ், கடைசியா" என்றாள். பின்னால் குழந்தைகள் சத்தம் கேட்டது.

வாலட்டுகள் திறந்து, அக்கா மேல் இருந்த குறிப்பு நீங்கியது என்றும் மெசேஜ் வந்ததாம். நலன்புரி அதிகாரி அதைப் பார்த்துவிட்டு, நிரந்தரமாக்கும் வேலையை மறுபடி எடுத்திருக்கிறாராம். நிறுவனத்திடமிருந்து யாருக்கும் ஒரு மன்னிப்பு வரவில்லை. இழந்த பேருக்கு ஒரு சதம் வரவில்லை. எனக்கு மட்டும் ஒரு மெசேஜ் வந்தது, எங்கள் சேவைக்கு ஐந்தில் எத்தனை நட்சத்திரம் கொடுப்பீர்கள் என்று. இந்த நிறுவனங்களுக்கு அனுமதி கொடுத்து ஒழுங்குபடுத்துகிறவர்களுக்கு என் பெயரோடு முறைப்பாடு எழுதி அனுப்பியிருக்கிறேன். என் வாழ்க்கையில் நான் உண்மையாகச் செய்த முதல் முறைப்பாடு அதுதான்.

போக நினைப்பவர்களுக்கு: டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை நல்ல காலம், இரவில் குளிர் எலும்பைத் தொடும், தடித்த ஜக்கட் வேண்டும். மழை பெய்திருந்தால் அட்டை இருக்கும், உப்பும் நீளக் காலுறையும் எடுத்துப்போங்கள். ஹட்டனுக்குத் திரும்பும் கடைசி பஸ் நேரத்தை முதல் நாளே கேட்டு வையுங்கள். த்ரீவீலுக்கு நான் கொடுத்தது 800 ரூபாய், அந்தப் பாதைக்கு அது அதிகமில்லை. தவமணியின் தொடர்பு வேண்டுமென்றால் எனக்கு எழுதுங்கள், அவளைக் கேட்டுவிட்டுத் தருகிறேன்.

காசைக் கையில் கொடுப்பது நல்லது. ஆப் வழியாகத்தான் அனுப்புவேன் என்றால் மாலை ஐந்துக்கு மேல் அனுப்புங்கள். அந்த நேரத்தில் அவர்கள் மலையிலிருந்து இறங்கி, பிள்ளையை ஒரு கையிலும் ஃபோனை ஒரு கையிலும் வாங்கியிருப்பார்கள். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு எந்த அனுமதிப்பத்திரமும் தேவைப்படவில்லை. கேட்டேன், சொன்னார்கள்.